பெட்டியிலிருந்து நீருக்குள் செல்லும் வரை: கிரெஸ்ஸி எஃப் 1 ஸ்கூபா முகமூடி

கிரெஸ்ஸி நிறுவனத்தின் எஃப் 1 என்பது சட்டகம் இல்லாத, ஒற்றைக் கண்ணாடி கொண்ட ஸ்கூபா முகமூடி, அதாவது காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பவர்கள் அணிவது. கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிச் சிலிக்கோன் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், மற்ற முகமூடிகளில் கண்ணாடியையும் சிலிக்கோன் விளிம்பையும் இறுக்கிப் பிடிக்கும் கடினமான பிளாஸ்டிக் வளையம் இதற்குத் தேவைப்படுவதில்லை. பட்டையைத் தாங்கும் கொக்கிகளும் அந்தச் சிலிக்கோனிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே முகமூடியை ஏறத்தாழத் தட்டையாக மடித்து, மாற்று முகமூடியாக, நீருக்குள் மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் மிதவைச் சட்டையின் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிகிறது. முகத்துக்கு மிக அருகில் அமர்கிறது, உள்ளே அடைபடும் காற்று குறைவு, உடையக்கூடிய பாகங்களும் குறைவு. இந்தக் காரணங்களுக்காக இதை நல்ல முகமூடி என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இதை அப்படியே அணிந்துகொண்டு நீருக்குள் இறங்க முடியாது. இது இந்த நிறுவனத்தின் குறையும் அல்ல, இந்த மாதிரியின் குறையும் அல்ல. சிலிக்கோன் விளிம்புடைய புதிய முகமூடிகள், மலிவானவையும் விலை உயர்ந்தவையும், பெரும்பாலும் இதே நிலையில்தான் நம் கைக்கு வருகின்றன. முகமூடி தயாரிப்பின் கடைசிக் கட்டத்தை வாங்கியவரே செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு எஃப் 1 எப்படி ஒத்துழைக்கிறது, எங்கே கூடுதல் கவனம் கேட்கிறது என்பதே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி.

புதிய முகமூடியின் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பளிச்சென்றுதான் தெரியும். விரல் நுனியால் உட்புறத்தை மெல்லத் தேய்த்துப் பார்த்தால்தான் அதன் உண்மை நிலை புலப்படும்; நன்கு கழுவிய கண்ணாடியில் விரல் பிடித்து நிற்க வேண்டிய இடத்தில், இதில் வழுக்கிக்கொண்டு போகும். சிலிக்கோன் விளிம்பை அச்சில் வார்க்கும்போது கண்ணாடியில் படிகிற எச்சங்களும், சிலிக்கோனிலிருந்து சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறும் இலகுவான மூலக்கூறுகளும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப்பசை போன்ற ஒரு படலத்தைக் கண்ணாடி மேல் உருவாக்குகின்றன. முகமூடி மூடிய பெட்டிக்குள் கிடங்கிலும் கடையிலும் காத்திருக்கும் காலமெல்லாம் இந்தப் படிவு நடந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரில் அலசினால் இது போகாது. சோப்பு நீரில் ஒருமுறை கழுவினாலும் முழுவதுமாகப் போகாது.

இந்தப் படலம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு விடை, ஆவி படிவதன் இயற்பியலில் இருக்கிறது. முகமூடிக்குள் இருக்கும் காற்றை நமது தோலின் வெப்பமும், மூக்கின் வழியே தவறி வெளிவரும் மூச்சும் வெதுவெதுப்பாகவும் ஈரப்பதம் மிகுந்ததாகவும் ஆக்குகின்றன. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருப்பதோ உடலைவிடக் குளிர்ந்த நீர். எனவே உள்ளே இருக்கும் நீராவி கண்ணாடியைத் தொட்டதும் குளிர்ந்து நீராக மாறுவதை யாராலும் தடுக்க முடியாது. ஆவி தடுப்பு மருந்துகள் எவையும் அதைத் தடுப்பதும் இல்லை. அந்த நீர் எந்த வடிவத்தில் கண்ணாடியில் நிற்கிறது என்பதைத்தான் நம்மால் மாற்ற முடியும். தூய்மையான கண்ணாடி நீரை ஈர்க்கும் இயல்புடையது என்பதால், அதன் மேல் நீர் மெல்லிய படலமாகப் பரவுகிறது, அந்தப் படலத்தின் ஊடாகப் பார்வை தெளிவாகவே இருக்கும். சிலிக்கோன் படிந்த கண்ணாடி நீரை விலக்குவதால், அதே அளவு நீர் எண்ணற்ற நுண்துளிகளாகத் திரண்டு, ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடித்து, கண் முன் வெண்திரையை விரித்துவிடுகிறது. எச்சிலோ, ஷாம்பூவோ, கடையில் விற்கும் ஆவி தடுப்புத் திரவமோ நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துளிகளைப் படலமாக்க உதவுகின்றன. ஆனால் அடியில் சிலிக்கோன் படலம் இருக்கும்வரை இவை கண்ணாடியில் ஒட்டி நிற்பதே இல்லை. புதிய முகமூடியில் எவ்வளவு நல்ல திரவத்தைத் தடவினாலும் சிறிது நேரத்தில் ஆவி படிந்துவிடுகிறதே என்று பலர் வருந்துவதற்குக் காரணம் திரவம் அல்ல. அது பற்றிக்கொள்ள வேண்டிய பரப்பு இன்னும் ஆயத்தமாகவில்லை.

நீருக்கடியில் பார்வை மங்குவதை வெறும் அசௌகரியமாக எண்ணக் கூடாது. ஆழமானியையும் சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும் அழுத்தமானியையும் படிப்பது, உடன் முக்குளிக்கும் துணைவரின் கைச்சைகையைப் புரிந்துகொள்வது, படகின் கயிற்றைக் கண்டு மேலேறுவது ஆகிய அனைத்தும் அந்த ஒரு கண்ணாடியை நம்பியே நடக்கின்றன. ஆவி படிந்தால் முகமூடிக்குள் சிறிது நீரைவிட்டு, தலையை அசைத்துக் கண்ணாடியைக் கழுவி, மேல்நோக்கிப் பார்த்தபடி மூக்கால் ஊதி நீரை வெளியேற்றுவது பயிற்சி வகுப்புகளில் எல்லாருக்கும் கற்பிக்கப்படும் திறமைதான். ஆனால் புதிதாகப் பயின்றவர் ஒருவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்போது, மூச்சின் சீர் கெடுகிறது, மிதப்பின் சமநிலை குலைகிறது, கையிலிருக்கும் காற்றும் வேகமாகத் தீர்கிறது. வீட்டில் கழுவும் தொட்டியருகே சிறிது பொறுமையாகச் செலவிட்டால் இவ்வளவும் தவிர்க்கப்பட்டுவிடும்.

தூய்மைப்படுத்தும் வேலையைத் தொடங்குமுன் முகமூடி உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வேலைக்குக் கண்ணாடியில் பற்பசை தேய்க்க வேண்டியிருக்கும்; அப்படிப் பற்பசை தடவிய முகமூடியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் குறைவு. பட்டையை முன்புறம் தள்ளிவிட்டு, முடி ஏதும் இடையில் சிக்காதபடி முகமூடியை முகத்தில் மெல்ல வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை உள்ளிழுத்தால் கையை எடுத்த பின்னும் அது முகத்திலேயே நிற்க வேண்டும் என்பதே எல்லாரும் சொல்லும் சோதனை. அது பயனுள்ளதுதான், ஆனால் அதை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து. பலமாக உறிஞ்சினால் பொருந்தாத முகமூடிகூடச் சிறிது நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி, முகமூடியை அழுத்தாமல் அதன் சொந்த எடையிலேயே முகத்தின் மேல் கிடக்க விடுங்கள். சிலிக்கோன் விளிம்பு நெற்றியிலும், கண்களின் வெளியோரங்களிலும், கன்னத்திலும், மேலுதட்டிலும் எங்கும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை விரலால் தடவியோ, அருகில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லியோ அறியலாம். அழுத்தாமலே தொடும் முகமூடி நீருக்குள் கசியாது. இழுத்து இறுக்கினால்தான் தொடும் என்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றதல்ல.

இந்தச் சோதனையை சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியையோ, ஸ்நோர்கெல் எனப்படும் மூச்சு விடும் குழாயையோ வாயில் கடித்தபடி மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். அதை வாயில் வைத்ததும் மேலுதடும் கன்னங்களும் வடிவம் மாறுகின்றன. வெறும் முகத்தில் சரியாக அமர்ந்த விளிம்பு அப்போது மூக்கின் கீழே விலகிவிடலாம். மீசை வைத்திருப்பவர்களுக்கு எந்த முகமூடியிலும் இந்த இடத்தில்தான் நீர் கசியும். மூக்கை ஒட்டிய ஒரு மெல்லிய கீற்றளவு மீசையை மழித்துக்கொள்வது போதுமான தீர்வு. அதற்கு மனமில்லாதவர்கள் சிலிக்கோன் கிரீஸைச் சிறிதளவு தடவிக்கொள்கிறார்கள், ஆனால் அது கண்ணாடியில் பட்டுவிட்டால் முன்பு சொன்ன பிரச்சினை முழுவதும் மறுபடி தொடங்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.  எஃப் 1இல் சட்டகம் இல்லாததால் விளிம்பு முகத்தின் வடிவத்துக்கேற்ப ஓரளவு வளைந்து கொடுக்கிறது என்றாலும், மிகக் குறுகிய முகம் உடையவர்கள் கன்னப் பகுதியைக் கவனமாகச் சோதித்த பிறகே வாங்க வேண்டும்.

மூக்குப் பையையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். கீழிறங்கும்போது காதுகளில் ஏறும் அழுத்தத்தைச் சமன் செய்ய மூக்கை விரல்களால் பிடித்து மெல்ல ஊத வேண்டியிருப்பதால், வெளியிலிருந்து இரு நாசிகளையும் எளிதில் பற்ற முடிகிறதா என்பது முக்கியம். கையுறை அணிபவர்கள் கையுறையுடனேயே முயன்று பார்ப்பது நல்லது. மூக்குக்கெனத் தனிப் பை உள்ள முகமூடியைப் பரவலாக்கியதில் இந்த நிறுவனத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1946இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் தொடங்கப்பட்ட கிரெஸ்ஸி, 1950களில் லுயிஜி ஃபெர்ராரோ வடிவமைத்த ‘பினோக்கியோ’ முகமூடியை வெளியிட்டது; நீண்ட மூக்குடைய கதைப்பொம்மையின் அந்தப் பெயருக்கு, முகமூடியின் நீண்டு நிற்கும் மூக்குப் பைதான் காரணம். எஃப் 1இன் மூக்குப் பை மென்மையாகவும், விரல்கள் இரு பக்கமும் நன்கு பதியும்படியும் இருக்கிறது. மூக்கின் பாலம் உயரமாக உள்ளவர்களுக்கு ஒற்றைக் கண்ணாடி முகமூடிகளில் கண்ணாடி அந்த இடத்தில் வந்து முட்டும் வாய்ப்பு உண்டு. சில நிமிடங்கள் அணிந்தபடி இருந்தால் அது தெரிந்துவிடும்.

கண்ணாடியில் ஏதேனும் பாதுகாப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தால் அதை உரித்துவிடுங்கள். கண்ணாடியில் ‘டெம்பர்டு’ என்ற சொல்லோ அதைக் குறிக்கும் எழுத்தோ பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இது பதப்படுத்தப்பட்ட கண்ணாடி என்பதற்கான அடையாளம்; உடைந்தால் கூரிய சில்லுகளாக அன்றி மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும் வகை அது. இந்த அடையாளம் இல்லாத, பிளாஸ்டிக் வில்லை பொருத்திய பொழுதுபோக்கு முகமூடிகளை ஸ்கூபாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதோடு, அடுத்து விவரிக்கப்போகும் முறையை அவற்றின் மேல் முயலவும் கூடாது. பற்பசை அவற்றில் நிரந்தரமான கீறல்களை விட்டுவிடும். தொழிற்சாலையிலேயே ஆவி தடுப்புப் பூச்சோ நிறப் பூச்சோ இடப்பட்ட கண்ணாடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றுக்கு உற்பத்தியாளரின் கையேடு சொல்வதைத் தவிர வேறெதையும் செய்யாதீர்கள்.

பூச்சில்லாத கண்ணாடி கொண்ட எஃப் 1ஐப் பாத்திரம் கழுவும் திரவத்தாலும் வெதுவெதுப்பான நீராலும் முதலில் கழுவி, மேலோட்டமான பிசுக்கையும் தூசியையும் அகற்றிவிட வேண்டும். அதன்பின் வருவதுதான் உண்மையான வேலை. சாதாரண வெள்ளைப் பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, கண்ணாடியின் உட்புறத்தில் ஈரமில்லாத விரலால் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். பற்பசையை நாம் இங்கே பயன்படுத்துவது அதன் மணத்துக்காகவோ நுரைக்காகவோ அல்ல, அதிலுள்ள நுண்ணிய தேய்ப்புத் துகள்களுக்காக. பல பற்பசைகளில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டின் கடினத்தன்மை, கடினமான பொருளுக்கு அதிக எண் தரும் மோஸ் அளவுகோலில் 3. கண்ணாடியினுடையது ஏறத்தாழ 5.5. எனவே துகள்கள் மென்மையான படலத்தைச் சுரண்டி எடுக்கும், கண்ணாடியைக் கீறாது. ஜெல் வகைப் பற்பசைகள் இந்த வேலைக்கு ஏற்றவையாக எனக்குத் தோன்றவில்லை. அவை வழுக்கிக்கொண்டு நகர்கின்றனவே தவிர, விரலுக்கு அடியில் பிடிப்பைத் தருவதில்லை. பற்களை வெண்மையாக்கும் என்று விற்கப்படும் கரித்தூள் கலந்தவற்றையும் தவிர்த்துவிடலாம், அவற்றின் துகள்கள் எவ்வளவு கரடானவை என்பது பசைக்குப் பசை மாறுபடும்.

எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, விரல் சலிக்கும்வரை என்பதே என் பதில். ஒரு சுற்றில் சில நிமிடங்கள் முழுமையாகத் தேய்த்து, பசையைச் சிறிது நேரம் காயவிட்டு, கழுவி, மீண்டும் தொடங்க வேண்டும். ஒரே சுற்றில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எஃப் 1 இந்த இடத்தில் தன் இயல்பைக் காட்டுகிறது. சட்டகம் உள்ள முகமூடிகளில் கண்ணாடிக்கும் சட்டகத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தில் பசை புகுந்து, பல நாள் கழித்தும் வெள்ளைத் துணுக்குகளாக வெளிவந்துகொண்டிருக்கும். எஃப் 1இல் அந்தப் பள்ளமே இல்லாததால் கழுவுவது எளிது. மறுபுறம், சிலிக்கோன் நேரடியாகக் கண்ணாடியோடு இணையும் ஓரத்தில்தான் படலம் தடிமனாக இருக்கிறது, விரலின் உருண்ட நுனி அந்தக் கோணத்தை முழுமையாகத் தொடுவதும் இல்லை. மென்மையான இழைகள் கொண்ட பழைய பல்துலக்கியை அந்த ஓரத்துக்கு மட்டும் பயன்படுத்துவது பலன் தருகிறது. மூக்கின் மேலே கண்ணாடி குறுகும் இடத்தையும் இப்படியே கவனிக்க வேண்டும். நடுவில் தெளிவாகவும் ஓரங்களில் மங்கலாகவும் இருக்கும் முகமூடிகள் பெரும்பாலும் இந்த ஓரங்களை விட்டுவிட்டுக் கழுவப்பட்டவையே. வெளிப்புறத்தையும் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். அங்கே ஆவி படிவதில்லை என்றாலும், பிசுக்கு இருந்தால் நீரிலிருந்து தலையை வெளியே எடுக்கும்போது துளிகள் ஒட்டிக்கொண்டு பார்வையைக் குழப்பும்.

இந்த வேலைக்கென்றே தயாரிக்கப்பட்ட தேய்ப்புப் பசைகளும் கிடைக்கின்றன. கியர் எய்ட் நிறுவனத்தின் ‘சீ பஃப்’ அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. பற்பசையைப் போலவே விரலால் தேய்த்துக் கழுவிவிட வேண்டிய ஒன்று. பற்பசையைவிட அது வழவழப்பு குறைந்ததாகவும், வேலையை விரைவாக முடிப்பதாகவும், கழுவிய பின் வாசனையை விட்டுச் செல்லாததாகவும் இருக்கிறது. பற்பசையின் புதினா வாசனை சிலிக்கோனில் சில நாட்கள் தங்கி, மூடிய முகமூடிக்குள் கண்ணை இலேசாக உறுத்துவதுண்டு. இருந்தாலும், ஒரேயொரு முகமூடியை ஆயத்தப்படுத்துவதற்கு அதைத் தேடிச் சென்று வாங்கியாக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி மையம் நடத்துபவர்களுக்கும், ஒரே நேரத்தில் பல முகமூடிகளைக் கையாள்பவர்களுக்கும் அது நியாயமான செலவு. பொறுமை உள்ள தனிநபருக்குப் பற்பசையே போதும்.

வேலை முடிந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல் நீரைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். முகமூடியை நன்றாக அலசி, கண்ணாடியின் உட்புறத்தில் சுத்தமான நீரை ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் எங்கும் உடையாமல் ஒரே படலமாக வழிந்து, மெல்ல விலகினால் கண்ணாடி தயார். எங்கேனும் நீர் பின்வாங்கி முத்துமுத்தாகத் திரண்டால், அந்த இடத்தில் படலம் இன்னும் இருக்கிறது. அங்கு மட்டும் மறுபடி தேய்த்தால் போதும். கண்ணாடியில் வாயால் ஊதிப் பார்க்கும் சோதனையும் உண்டு, ஆனால் அது மூச்சின் வெப்பத்தையும் அறையின் தட்பவெப்பத்தையும் பொறுத்து மாறுபடுவதால் நீர்ச் சோதனையையே நான் நம்புகிறேன். இந்தச் சோதனைக்கு முன் பாத்திரம் கழுவும் திரவத்தின் எச்சம் சிறிதும் இல்லாமல் அலசியிருக்க வேண்டும். சோப்பு மிஞ்சியிருந்தால் அழுக்கான கண்ணாடியிலும் நீர் படலமாகவே பரவி, தயாராகாத முகமூடியைத் தயாரானதுபோல் காட்டிவிடும்.

லைட்டரின் சுடரைக் கண்ணாடியின் உட்புறத்தில் காட்டிப் படலத்தை எரித்துவிடும் முறையை அனுபவசாலிகள் பலர் பரிந்துரைக்கிறார்கள். படலம் அதனால் எரிந்துபோகும் என்பது உண்மைதான். இருந்தும் எஃப் 1 போன்ற சட்டகமற்ற முகமூடியில் அதைச் செய்யவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். சிலிக்கோன் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும். சுடரின் வெப்பமோ 1000 பாகையைத் தாண்டும். சட்டகமுள்ள முகமூடியில் கண்ணாடியின் ஓரத்துக்கும் நம் முகத்தைத் தொடும் விளிம்புக்கும் இடையே ஓரளவு தூரம் இருக்கும். இங்கே கண்ணாடியின் ஓரமே சிலிக்கோன்தான். படலம் தடிமனாக இருப்பது எந்த இடத்திலோ அந்த இடத்துக்குச் சுடரைக் கொண்டுபோனால் பிணைப்பு கெடும். பிணைப்பு கெட்டால் முகமூடியே போய்விடும். பதப்படுத்தப்பட்ட கண்ணாடியின் வலிமை அதன் மேற்பரப்பில் நிலைத்திருக்கும் அமுக்க விசையிலிருந்து வருகிறது. ஒரே இடத்தைச் சூடாக்குவதும், சூடு ஆறுமுன் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதும் அந்தக் கண்ணாடிக்குள் தேவையற்ற தகைவுகளை உண்டாக்குகின்றன. எரித்த பின் படியும் கரியை எப்படியும் பசை கொண்டு தேய்த்தே அகற்ற வேண்டியிருப்பதால், மிச்சமாகும் உழைப்பும் அவ்வளவு இல்லை. முகமூடியைக் கோலா பானத்தில் இரவு முழுவதும் ஊறவைப்பது போன்ற வழிகளும் சொல்லப்படுகின்றன. சிலிக்கோன் படலத்தை அமிலம் கரைப்பதில்லை என்பதால் அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

முதல் தூய்மைப்படுத்தலுக்குப் பின்னும் ஒரு விஷயம் எஞ்சியிருக்கிறது, இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சிலிக்கோனிலிருந்து இலகுவான மூலக்கூறுகள் வெளியேறுவது ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. நன்கு தேய்த்துக் கழுவிய புதிய முகமூடியை மூடிய பெட்டிக்குள் சில வாரங்கள் வைத்துவிட்டு எடுத்தால், நீர்ச் சோதனையில் மறுபடியும் துளிகள் திரளக்கூடும். சட்டகமற்ற முகமூடியில் கண்ணாடியைச் சுற்றியுள்ளது முழுக்கச் சிலிக்கோனாகவே இருப்பதால், இதை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எனவே புதிதாக வாங்கிய தொடக்கக் காலத்தில் முகமூடியைக் காற்றோட்டமான நிழலில் திறந்தே வைத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய நாள் நீர்ச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டால் ஒரு சுற்றுப் பற்பசை தேய்த்துக்கொள்ள வேண்டும். காலப்போக்கில் இந்தத் தேவை தானே குறைந்துவிடுகிறது.

பட்டையைச் சரிசெய்வதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. பெட்டியிலிருந்து வரும்போது பட்டை பெரும்பாலும் மிக இறுக்கமாகவோ மிகத் தளர்வாகவோ இருக்கும். முகமூடியை முகத்தில் வைத்துப் பிடித்தபடி பட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுசென்று, காதுகளுக்கு மேலே, பின்மண்டையின் அகன்ற பகுதியில் அமர்த்துங்கள். முகமூடி நழுவாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கம் போதும். ஆழத்தில் நீரின் அழுத்தமே முகமூடியை முகத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. பட்டையை அதிகமாக இறுக்கினால் விளிம்பு மடங்கி, கசிவைத் தடுப்பதற்குப் பதிலாக உண்டாக்கும், நெற்றியிலும் மேலுதட்டிலும் வலியைத் தரும். எஃப் 1இன் கொக்கிகள் வளைந்து கொடுக்கும் சிலிக்கோனில் இருப்பதால் பட்டை எந்தக் கோணத்தில் இழுத்தாலும் அதற்கேற்பத் திரும்பிக்கொள்கின்றன. அதே வளைவுத்தன்மையின் காரணமாக, முகத்தில் அணிந்தபடியே ஒரு கையால் பட்டையைச் சரிசெய்வது கடினமான சட்டகம் உள்ளவற்றில் போல எளிதாக இல்லை. நீண்ட முடி உள்ளவர்கள் நியோப்ரீன் துணியாலான பட்டையுறையை வாங்கிக்கொண்டால் முடி சிக்கி இழுபடாது.

இவ்வளவும் செய்த கண்ணாடியில்தான் ஒவ்வொரு முக்குளிப்புக்கும் முன் செய்யும் வழக்கமான ஆவி தடுப்பு வேலை பலன் தரும். எச்சில் இலவசமானது, நன்றாகவே வேலை செய்கிறது. உலர்ந்த கண்ணாடியின் உட்புறம் முழுவதும் அதைத் தேய்த்துவிட்டு, இறங்குவதற்குச் சற்றுமுன் ஒரே ஒரு முறை நீரில் இலேசாக அலச வேண்டும். ஈரமான கண்ணாடியில் தடவினால் அது நீர்த்துப்போய்விடும். அதிகமாக அலசினால் எல்லாமே போய்விடும். குழந்தைகளுக்கான ஷாம்பூவை நீரில் கலந்து சிறு புட்டியில் வைத்துக்கொள்வது என் விருப்பத் தேர்வு, ஏனெனில் அது கண்ணை உறுத்துவது மிகக் குறைவு, நீடித்தும் நிற்கிறது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் அலசு வாளியில் எச்சில் தடவிய முகமூடியை அமிழ்த்துவது சுகாதாரமான பழக்கம் அல்ல. அணிவதற்கு முன் முகத்தை நீரால் நனைத்துக் குளிர்வித்துக்கொள்வதும், நீரில் இறங்கும்வரை முகமூடியை நெற்றியில் ஏற்றி வைக்காமல் இருப்பதும் ஆவி படிவதைக் கணிசமாகக் குறைக்கும். நெற்றியின் வியர்வையும், சூரியக் கதிர்த் தடுப்புக் களிம்பும் கண்ணாடியில் பட்டால் நாம் தேய்த்து உருவாக்கிய தூய பரப்பு வீணாகிறது. களிம்பு பூசுபவர்கள் பூசிய கையைக் கழுவிய பிறகே முகமூடியைத் தொட வேண்டும். விளிம்பு தொடும் இடங்களில் களிம்பைத் தவிர்ப்பது இன்னும் நல்லது.

இப்படி ஆயத்தப்படுத்திய எஃப் 1 நீருக்குள் நடந்துகொள்ளும் விதம் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. நடுவில் பிரிப்பு இல்லாத ஒற்றைக் கண்ணாடியும், கண்ணுக்கு அருகிலான அமர்வும் சேர்ந்து கீழ்நோக்கிய பார்வையைத் தாராளமாக்குகின்றன. இடுப்பிலும் மார்பிலும் உள்ள கொக்கிகளைத் தலையை அதிகம் குனியாமலே பார்க்க முடிகிறது. முகமூடிக்குள் காற்று குறைவு என்பதன் பயன் இறங்கும்போது தெரியும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல இருமடங்காகி, உள்ளே அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்குகிறது. அந்தக் குறையை மூக்கால் சிறிது ஊதி ஈடு செய்யாவிட்டால் முகமூடி முகத்தை உறிஞ்சிப் பிடித்து, கண்ணின் வெண்பகுதியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடிக்கும் அளவுக்குக்கூடச் செல்லலாம். காற்று குறைவான முகமூடியில் இதற்குத் தேவைப்படும் ஊதலும் குறைவு, உள்ளே புகுந்த நீரை வெளியேற்றத் தேவைப்படும் காற்றும் குறைவு. ஆனால் கண்ணாடி கண்ணுக்கு அருகில் இருப்பதால், நீண்ட இமை முடி உள்ளவர்களுக்கு அது கண்ணாடியைத் தொட்டு எண்ணெய்ப்பசையின் கோடுகளை விட்டுச் செல்லலாம். அவர்கள் உட்புறத்தை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும்.

சிலிக்கோனின் நிறத்தில் கருப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். பக்கவாட்டிலிருந்து ஒளி புகாததால் கண்ணாடியின் உட்புறத்தில் பிரதிபலிப்பு எழுவதில்லை. படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அடைபட்ட உணர்வால் அச்சம் கொள்பவர்களுக்கு ஒளி ஊடுருவும் வகை ஏற்றது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வகை காலப்போக்கில் மஞ்சளாவதும், கருப்பு ரப்பர்ப் பொருட்களோடு ஒட்டி வைத்தால் அவற்றின் சாயத்தை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு.

ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னும் நன்னீரில் ஊறவைத்து, கொக்கிகளின் இடுக்குகளில் உப்புப் படிகங்கள் தங்காமல் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்திய பின்னரே எடுத்து வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் சிலிக்கோனில் பூஞ்சையின் கரும்புள்ளிகள் தோன்றும், அவற்றை அகற்றுவது எளிதல்ல. எஃப் 1 தட்டையாக மடியும் என்பதற்காக அதை மடித்த நிலையிலேயே நெடுங்காலம் வைத்திருப்பதும் சரியல்ல; விளிம்பு அந்த மடிப்பின் வடிவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் முகத்தில் அமரும்போது அந்த இடத்தில் கசியும். மடிப்பது பயணத்துக்கும், மாற்று முகமூடியாக எடுத்துச் செல்வதற்கும் மட்டும் போதும்.

பார்வைக் குறைபாட்டுக்காகக் கண்ணாடி அணிபவர்களுக்கு இந்த முகமூடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரட்டைக் கண்ணாடி கொண்ட, சட்டகமுள்ள பல முகமூடிகளில் அளவுக்கேற்ற வில்லைகளைக் கழற்றி மாற்றிக்கொள்ள முடியும். சிலிக்கோனோடு பிணைக்கப்பட்ட ஒற்றைக் கண்ணாடியில் அதற்கு வழியில்லை. விளிம்பு எங்கேனும் கிழிந்தாலும், கண்ணாடியிலிருந்து சிறிது பிரிந்தாலும், அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியாது, முழு முகமூடியையும் மாற்றியாக வேண்டும். ஆகவே கண்ணாடியைத் தேய்த்துக் கழுவும்போதெல்லாம் அந்தப் பிணைப்பு ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, எங்கேனும் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால், அந்த முகமூடியை மாற்று முகமூடியாகக்கூட வைத்துக்கொள்ளாமல் விலக்கிவிட வேண்டும்.